வீட்ல ஆள் இருப்பாங்க

கட்டைவிரலை எடுத்தால் தண்ணீர் நேராகப் பிளக்பாயிண்ட்டில் அடிக்கும், எடுக்காவிட்டால் பதினோரு மணிக்குப் பல்லாவரத்தில் சிஸ்டர் பெனிட்டாவின் ஆபீஸ் வாசலில் நான் இருக்க மாட்டேன், ஆகவே எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல், கிச்சன் சிங்க்குக்கு அடியில், கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு குத்துக்காலிட்டு, மேடைக் கல்லில் மண்டை இடிக்காதபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பேனா மூடி அகலம்கூட இல்லாத ஒரு ஓட்டையை வலது கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டைக்கு ஒரு சாண் மேலே பிளக்பாயிண்ட். அதில் ஆர்.ஓ. மெஷினின் பிளக். பக்கத்தில் சிவப்பாகக் கண் விழித்திருக்கும் சுவிட்ச் விளக்கு. முதலில் கரண்டை அணைக்கவும் என்று, ஃபில்டர் மாற்றக் கற்றுக்கொடுத்த அந்த வீடியோக்காரன் இரண்டு தடவை சொன்னான், இரண்டு தடவை சொன்னதால்தான் எனக்கு எரிச்சல் வந்தது, ஒரு தடவை சொன்னால் புரியாதா, முட்டாளுக்கா சொல்கிறாய் என்று அந்த இடத்தை ஓட்டிவிட்டேன். இப்போது முட்டாள் உட்கார்ந்திருக்கிறாள். விரலுக்கு அடியில் தண்ணீர் துடிக்கிறது, கைக்குழந்தையின் உச்சந்தலை துடிக்குமே அப்படி, மெதுவாக, விடாமல், நீ எவ்வளவு நேரம் வைத்திருப்பாய் என்று கேட்பதுபோல. கொஞ்சம் தளர்த்தினால் பக்கவாட்டில் விசிறியாகக் கிளம்புகிறது. ஒரு தடவை கிளம்பி, முந்தானையை நனைத்து, சுவிட்ச் பலகையின் கீழ் ஓரத்தில் மூன்று நான்கு துளிகளை வைத்துவிட்டு அடங்கியது. அந்தத் துளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவை கீழே இறங்கப் போகின்றனவா மேலே ஏறப் போகின்றனவா என்று, தண்ணீர் மேலே ஏறாது என்று ஐந்தாம் வகுப்பு சயின்ஸிலேயே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் அந்தப் பத்திலிருந்து ஐந்துக்குள் என்பதால் வந்தது. காலையில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே இவர் போனில் சொன்னார், "எப்ப வேணா வாங்க சார், வீட்ல ஆள் இருப்பாங்க." ஆர்.ஓ. சர்வீஸ் கம்பெனிக்காரன் பத்திலிருந்து ஐந்துக்குள் வருவானாம். பத்திலிருந்து ஐந்து என்பது ஒரு நேரமா, அது ஒரு நாள். என் நாள். கேஸ் சிலிண்டருக்கு ஒரு நாள், கொரியருக்கு ஒரு நாள், கரப்பான்பூச்சி மருந்து அடிக்க ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர்களின் பார்சலை வாங்கி வைக்க மற்ற நாளெல்லாம், இந்த மடிப்பாக்கம் முழுக்கவும் எவன் எங்கே போனாலும் எனக்கென்று ஒரு உத்தியோகம் இருக்கிறது, வீட்டில் ஆளாக இருப்பது. நான் சொன்னேன், "இன்னிக்கு வேணாமே, நாளைக்கு வரச் சொல்லுங்க." "ஏன், இன்னிக்கு என்ன?" என்றார். என்ன என்று நான் சொல்லியிருக்க வேண்டும். போன மாதம் சொல்லித்தான் பார்த்தேன், என்கூடப் படித்த பெனிட்டா கூப்பிட்டாள், அவள் ஸ்கூலில் லைப்ரரிக்கும் சின்ன கிளாஸ் பிள்ளைகளுக்கு ரீடிங் சொல்லிக் கொடுக்கவும் ஆள் தேடுகிறார்கள் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து நிமிராமல், "இந்த வயசுல உனக்கு எதுக்கு சுகந்தி இதெல்லாம், அப்பாவ யாரு பாத்துப்பா?" என்றார், ரசம் கேட்டார், ஊற்றினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊற்றியது என் தப்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு யார் பேசினாலும் அது பேச்சாகாது. ஆகவே இன்றைக்கு, "ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்றேன். அவர் போனார். நான் வீடியோவைப் போட்டேன்.

மாமனார் நேற்றிலிருந்து தண்ணீர் உப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது, என் மகள் ஆர்டர் போட்டு அனுப்பியது, தினம் காலையில் முதல் டம்ளர் தண்ணீரில் அதை முக்கி, தாம்பரம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் வண்டி நம்பர் கூவிய அதே குரலில், "இன்னிக்கு எறநூத்திப் பத்து!" என்று அறிவிப்பார். நம்பர் ஏறினால் காபி வேண்டாம் என்பார். காபி குடிக்காவிட்டால் மாத்திரை போடமாட்டார். மாத்திரை போடாவிட்டால் இவர் ஆபீசிலிருந்து எனக்கு போன் செய்து ஏன் போடவில்லை என்று கேட்பார். ஆக இந்த வீட்டில் ஒரு ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கடைசியில் அது என் தொண்டையில் வந்து நிற்கும். மெஷின் ஓடும்போது வெளியே போகக்கூடாது, வேஸ்ட் தண்ணீர் பக்கெட் நிரம்பி வழியும். ஓடாதபோது போகக்கூடாது, ஏன் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவுத் தண்ணீர், அதை வீணாக்கலாமா, துணி அலச, தரை துடைக்க, பாத்ரூமுக்கு என்று சுமந்து சுமந்து என் தோள்பட்டை போனதுதான் மிச்சம், அந்த மெஷின் வந்த நாளிலிருந்து அதுவா எனக்கு வேலைக்காரி, நானா அதற்கு வேலைக்காரி என்று இன்றுவரை தெரியவில்லை. முன்ஃபில்டரை மாற்றுவது ஒன்றும் ராக்கெட் இல்லை என்றான் வீடியோவில். புது ஃபில்டர் கேண்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. நானே மாற்றிவிட்டால் சர்வீஸ்காரன் எதற்கு, அவன் வராவிட்டால் நான் எதற்கு. கம்பெனிக்கு போன் போட்டு, இங்கிலீஷில், சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்த அந்தக் குரலில், தேவையில்லை, கேன்சல் செய்துவிடுங்கள் என்றேன். அவள் "தேங்க்யூ மேம்" என்றாள். எவ்வளவு சுகமாக இருந்தது அந்த நிமிஷம். கேன்சல் செய்யாமலிருந்தால் இந்நேரம் ஒருவேளை அவன் வந்து பெல் அடித்துக்கொண்டிருப்பான். இப்போது ஐந்து மணிவரை இந்த வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை. நானே ஏற்பாடு செய்தது.

குளித்து, புடவை கட்டி, பொட்டு வைத்து, ஃபைலை டைனிங் டேபிளில் எடுத்து வைத்துவிட்டு, போனையும் அதன் மேலேயே வைத்துவிட்டு, கடைசியாக ஐந்து நிமிஷ வேலை இது என்று குனிந்தேன். புடவை கட்டிக்கொண்டா இந்த வேலை செய்வார்கள். நைட்டியோடு செய்திருந்தால் மறுபடி குளிக்க வேண்டும், நேரமில்லை, அப்போது அது நியாயமாகத் தோன்றியது. சுவரிலிருந்து வரும் பைப்பில் ஒரு சின்ன வால்வு, அதற்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் மூக்கு, அதைத் திருப்பினால் மெஷினுக்குப் போகும் தண்ணீர் நிற்கும். திருப்பினேன். டப்பென்று மூக்கு தண்டோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. ஒடிந்தாலும் மூடிவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்தேன், அவ்வளவுதான், பார்க்கவில்லை. ஃபில்டர் டப்பா மூடியை மெஷினோடு வந்த வளைய ஸ்பேனர் போட்டுத் திறந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது, பயத்தில் டியூபைப் பிடித்து இழுத்தேன், வெள்ளை டியூபோடு வால்வின் வாயும் நட்டும் விண்டு வந்தது. அப்புறம் இந்தக் கட்டைவிரல். பழைய கேண்டில் என் கால் பக்கத்தில் உருண்டு கிடக்கிறது, கரைத்து வடித்துப் போட்ட புளிச்சக்கை நிறத்தில், தொட்டால் வழவழவென்று, இதன் வழியாக வந்ததைத்தான் இத்தனை நாள் சுத்தம் சுத்தம் என்று குடித்திருக்கிறோம். புதுசு பாலித்தீன் உறைக்குள் வெள்ளையாகக் கிடக்கிறது. அதைப் பார்க்காதே. மணி பார். கிச்சன் கடிகாரம் ஃபிரிட்ஜுக்கு மேலே, இங்கிருந்து பெரிய முள் மட்டும்தான் தெரிகிறது, சின்ன முள்ளை மேடைக் கல் மறைக்கிறது. பெரிய முள் கீழே இறங்கி, அடி தொட்டு, இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது.

முட்டி வலிக்கிறது. முட்டி என்றால் பெனிட்டாதான். எட்டாம் வகுப்பில் கிளாஸில் பேசினோம் என்று சிஸ்டர் சுப்பீரியர் எங்கள் இரண்டு பேரையும் வராந்தா ஓரத்தில் முட்டி போடச் சொன்னார், மழைக்கு அள்ளிப்போட்ட சரளைக்கல்லின் மேல். பெனிட்டா தன் கர்ச்சீப்பை மடித்து என் முட்டிக்கு அடியில் தள்ளினாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஏற்கெனவே கறுப்பு முட்டிடி, நீ வெள்ளையா இருக்கே" என்றாள், சிரித்துவிட்டோம், அதற்காக இன்னும் அரை மணி நேரம். அவள்தான் கன்னியாஸ்திரி ஆனாள், அவ்வளவு வாய் பேசியவள், இன்டர்வெல்லில் மதில் ஏறிக் குதித்து மாங்காய் வாங்கியவள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். இரண்டு பேரில் யார் மடத்தில் சேர்ந்தது என்று சில சமயம் எனக்குக் குழப்பம் வரும். முந்தா நாள் போனில் சொன்னாள், "ஏய், பதினொண்ணுக்கு இன்டர்வியூ எடுக்க மதர் வருவாங்க, பன்னெண்டுக்குப் போயிடுவாங்க. இன்னொரு பொண்ணு வரா, பி.எட். முடிச்சவ, சின்னப் பொண்ணு. உனக்கு பி.எட். இல்ல, எனக்குத் தெரியும், ஆனா நீ படிச்சுக் காட்டினா மதர் விழுந்துடுவாங்க. நீ வந்து நிக்கணும், அவ்ளோதான். நீ நிக்காம நான் எப்படிடி பேசுறது?" வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒய் நவ் மிஸஸ் இளங்கோவன் என்று அந்த மதர் கேட்பார், ஏன் இப்போது, இத்தனை வருஷம் கழித்து. அதற்கு ஒரு பதில் ஒரு வாரமாகத் தயாரித்து வைத்திருக்கிறேன், நல்ல இங்கிலீஷில், குழந்தைகளுக்குப் புத்தகத்தின் மேல் ஆசை வரவேண்டும் என்றெல்லாம். அதில் ஒரு வார்த்தைகூட நிஜம் இல்லை. நிஜம் என்னவென்றால், ஏதாவது ஒரு இடத்தில் என்னைக் காணோமே என்று யாராவது தேட வேண்டும். அதை எப்படி ஒரு மதரிடம் சொல்வது.

துணியால் அடைக்கலாம். பக்கத்தில் கிடந்த கரித்துணியை இடது கையால் எட்டி எடுத்துத் திணித்துப் பார்த்தேன், துணி வழியாகவே பொங்கியது, மறுபடி விரல். வெங்காயக் கூடை எட்டுகிறது. சாம்பார் வெங்காயம் ஒன்றைத் திணித்தேன், தோலை உரித்துக்கொண்டு வழுக்கி விழுந்தது. பூண்டுப் பல் சரியான அளவாக இருக்கும் என்று தோன்றியது, மூளை இருப்பவளுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று எனக்கே பெருமையாக இருந்தது, கூர்முனையை உள்ளே செருகி விரலை மெதுவாக எடுத்தேன், ஒன்று, இரண்டு, நின்றுவிட்டது என்று நினைத்த நொடியில் பூண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறந்து அடுப்பு மேடைப் பக்கம் போய் விழுந்தது, தண்ணீர் பீறிட்டு சுவிட்ச் பலகையின் பாதிவரை எட்டியது. விளக்கு ஒரு தடவை இமைத்தது. நிஜமாக இமைத்ததா, நான் இமைத்தேனா. விரலை வைத்துவிட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஒரு சிலிர்ப்பு போயிற்று, அது குளிரா கரண்டா என்று தெரியவில்லை, கரண்ட் என்றால் இப்படி உட்கார்ந்து யோசிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன், யோசிக்கிறேன், ஆகவே இருக்கிறேன். இப்படியே போனால் பேப்பரில் நான்கு வரி. குடிநீர் எந்திரத்தைப் பழுது பார்த்த இல்லத்தரசி. பெயர்கூட இளங்கோவனின் மனைவி என்றுதான் போடுவான். எங்கே கிளம்பியிருந்தாள், ஏன் கஞ்சி போட்ட புடவை என்று ஒருவனும் கேட்க மாட்டான். இவர் மட்டும் டைனிங் டேபிளில் ஃபைலைப் பார்ப்பார். திறந்து பார்ப்பார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இங்கிலீஷில் வாங்கிய மெடலின் சர்ட்டிபிகேட். இது எதுக்கு வெளிய எடுத்து வச்சிருக்கா என்பார். அது ஒன்றுக்காகவே சாகக்கூடாது.

கூப்பிடலாம். மாமனார் ஹாலில்தான் இருக்கிறார், பத்தடிகூட இல்லை. காதில் ஹெட்ஃபோன், அதுவும் மகள் வாங்கி அனுப்பியது, தாத்தாவுக்குக் காது மந்தம், டிவி அலறுகிறது, அம்மாவுக்குத் தலைவலி என்று. அதிலிருந்து டிவி ஊமையாக ஓடுகிறது, அவர் காதுக்குள் மட்டும் உலகம் பேசுகிறது. ஒரு தடவை கத்தினேன், "மாமா!" பாதியில் குரலை நானே இழுத்துக்கொண்டேன். கேட்டு வந்தால் புடவையைப் பார்ப்பார். எங்கே என்பார். சாயங்காலம் அது இவர் காதுக்குப் போகும். என் திட்டம் வேறு. மோரைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டு, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போய் வந்துவிட வேண்டும். பூட்டுவது இந்த வீட்டு வழக்கம். கதவு இழுத்தாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து திறக்கலாம். அது போதாது என்று வெளியே ஒரு தாழ்ப்பாள், திண்டுக்கல் பூட்டு. பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்து, கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் நான் காய் வாங்கப் போன நேரத்தில் மாமனார் லுங்கியோடு கீழே இறங்கி, மெயின் ரோடுவரை நடந்துவிட்டார். எங்கே போனீங்க என்று கேட்டதற்கு, "டிப்போவ பாத்துட்டு வரலாம்னு" என்றார். அவ்வளவுதான், அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம், இவர் பூட்டு வாங்கி வந்தார். தடுமாறியதாக எனக்குத் தோன்றவில்லை. டிப்போவில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் டிப்போவைப் பார்க்க நினைத்தால் அதற்குப் பெயர் பைத்தியமா. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டு எனக்கு வசதி. பூட்டிவிட்டால் அரை மணி நேரம் நிம்மதியாக வெண்டைக்காய் பொறுக்கலாம். அவர் உள்ளே இருந்தால்தான் நான் வெளியே போக முடியும், நான் உள்ளே இருந்தால்தான் அவர் பூட்டில்லாமல் இருக்க முடியும், இந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு வெளிதான் இருக்கிறது.

பெரிய முள் ஏறிக்கொண்டே இருக்கிறது. கால் மரத்துவிட்டது. கட்டைவிரல் எனக்குச் சொந்தமானதா வால்வுக்குச் சொந்தமானதா என்று தெரியவில்லை. விட்டுவிடலாமா. இடது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு விரலை எடுத்தால், ஈரக் கையோடு, ஈரத் தரையில். இல்லை. அப்படியே அணைத்தாலும் கிச்சன் முழுக்க வெள்ளம், மொட்டை மாடி டேங்க் காலியாகும்வரை ஓடும், கீழ் வீட்டுக்காரி சீலிங்கைப் படம் எடுத்து அசோசியேஷன் குரூப்பில் போடுவாள். மாடி வால்வை மூடலாம், மாடிச் சாவி செக்ரட்டரியிடம், செக்ரட்டரி நம்பர் போனில், போன் ஃபைல் மேல், ஃபைல் டேபிள் மேல், டேபிள் பத்தடியில். எங்கே சுற்றினாலும் இந்த விரலுக்குத்தான் வந்து சேர்கிறது. பெனிட்டா இந்நேரம் வாசலை எட்டிப் பார்ப்பாள். அந்த பி.எட். பெண் வந்து உட்கார்ந்திருப்பாள், நேராக, முதுகு நாற்காலியில் படாமல். நானும் அப்படித்தான் உட்காருவேன். உட்கார்வேனா. "மாமா!" இந்தத் தடவை முழுசாகக் கத்தினேன். வராந்தாவில் பேசக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டை, அதற்கு இவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. "மாமா! மாமா!" பதில் இல்லை. மறுபடி கத்தினேன். அழுகை வந்தது, அழுகை அல்ல, எரிச்சல்தான், கண் வழியாக. கடைசியில் அவரை எழுப்பியது நான் அல்ல, மோர். மோர் நேரத்துக்கு வரவில்லை. செருப்பு தேயும் சத்தம். சரக், சரக். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க, கிச்சன் வாசலில் இரண்டு கால்கள்.

"மோர் இன்னும் வரலியே?" என்றார் காற்றிடம். அப்புறம் குனிந்தார். "அங்க என்னம்மா பண்ற?"

"சுவிட்ச அணைங்க மாமா. மொதல்ல அந்த சுவிட்ச. கை ஈரமா இருக்கா?"

"என் கை ஏன் ஈரமா இருக்கப் போவுது?" அணைத்தார். சிவப்புக் கண் மூடியது.

"டேபிள் மேல போன் இருக்கு, எடுத்துட்டு வாங்க."

"இளங்கோவுக்குப் போடவா?"

"வேணாம்! அவருக்கு வேணாம். செக்ரட்டரிக்கு."

போய் எடுத்துவந்தார். வலது கை தூக்காது, இடது கையால் அழுத்தி, என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார், காதோடு சேர்த்து கம்மலையும் அழுத்தினார். செக்ரட்டரி பேங்க்கில் இருந்தார். மாடிச் சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது. "அரை மணில வந்துடறேன் மேடம், வந்ததும் மாடில மூடிடறேன், நீங்க அதுவரைக்கும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார், ஏதோ கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுபோல. போனை என் காதிலிருந்து எடுத்தார் மாமனார். அப்போதுதான் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பொட்டு, புடவை, டேபிளில் ஃபைல், அதையும் பார்த்திருக்கிறார்.

"எங்க கெளம்பின?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. கடைக்கு. வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது.

"வேலைக்கு."

"யாருக்கு வேல?"

"எனக்கு. ஸ்கூல்ல. பல்லாவரத்துல. இன்டர்வியூ."

காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகும் மருமகளுக்கு ஒரு முகமும் அவரிடம் இல்லை போலிருக்கிறது.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை வேறு, கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்த பார்வை. "பத்து நாப்பது. இந்நேரம் நீ வண்டி எடுத்திருக்கணும். மேடவாக்கம் ரோட்ல போகாத, தோண்டிப் போட்டிருக்கான், பேப்பர்ல பாத்தேன். கீழ்க்கட்டளை போயி ரேடியல் ரோட்டப் புடிக்கச் சொல்லு." சொல்லிக்கொண்டே பாத்ரூமிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார், சிங்க் பக்கத்தில் போட்டார், மேடையைப் பிடித்து ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். "தள்ளு."

"உங்களால முடியாது மாமா. அரை மணி நேரம்."

"இந்தக் கை ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு, அதுவும் ரிமோட்ட அமுக்கிக்கிட்டு கெடக்குது. இத அமுக்கறேன். தள்ளுன்றேன்ல."

"அவருக்குத் தெரிஞ்சா..."

"வீட்ல ஆள் இல்லன்னாதான அவன் பேசுவான்? நான் ஆள் இல்லியா? ஆள் இருக்கேன்ல வீட்ல?"

என் விரலுக்குப் பக்கத்தில் அவர் விரல் வந்தது, பழைய மை இன்னும் போகாததுபோல நகம் கறுத்த விரல். நான் வழுக்கி விலக அவர் வழுக்கி நுழைய, இடையில் தண்ணீர் ஒரு தடவை இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவர் துப்பினார். "உப்பு" என்றார். "மோர குடுத்துட்டுப் போ. நேத்து உப்பே இல்ல அதுல. அப்புறம் அந்தப் பூட்டப் போடாத. தண்ணி பிச்சுக்கிட்டா நான் எங்க ஓடறது?" "போடல மாமா" என்றேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை, மேடையைப் பிடித்து எழுந்தேன், முந்தானை ஈரம், கொசுவத்தின் கஞ்சி விட்டுப்போய் வாழை மட்டை மாதிரித் தொங்குகிறது, மாற்ற நேரமில்லை. மோரை உப்புப் போட்டு டம்ளரில் ஊற்றி, அவர் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தேன். ஹெட்ஃபோனை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டேன், நேரம் போகட்டும் என்று. ஃபைல், போன், பர்ஸ், செருப்பு. "ரைட், போ" என்றார் திரும்பாமல், வண்டியை வெளியே விடும் குரலில்.

கதவை இழுத்துச் சாத்தினேன், ஆட்டோ கீழ்க்கட்டளை வழியாக, ரேடியல் ரோடு, மதர் பன்னிரண்டுக்குப் போவார், ஒய் நவ், அதற்கு இப்போது என்ன சொல்வது, ஈரப் புடவைக்கு என்ன சொல்வது, படி இறங்கத் திரும்பியவள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டக். பூட்டின் நாக்கு விழும் சத்தம். என் கைதான். நான் ஃபைலைப் பற்றியும் மதரைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தபோது கை தன் பாட்டுக்குத் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டி, அழுத்திவிட்டது. போடவில்லை என்று சொன்ன வாயில் இன்னும் ஈரம் காயவில்லை. வருஷக்கணக்காக இந்தச் சத்தத்தை நான் எழுப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்தப் பக்கம் அது எவ்வளவு சின்னச் சத்தம். அந்தப் பக்கம், காது மந்தமானவருக்கு, அது கேட்டிருக்காது என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். திறந்தேன். சாவி இரண்டு தடவை துளை தப்பியது, கட்டைவிரலில் பிடிப்பே இல்லை, வெளுத்துச் சுருங்கி, ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி. தாழ்ப்பாளை நீக்கி, வீட்டுச் சாவியையும் போட்டுக் கதவைத் தள்ளினேன். கிச்சன் வாசல் வழியாக அவர் முதுகு தெரிந்தது, ஸ்டூலில், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அசையாமல், வேலையில் இருக்கும் மனிதனின் முதுகு. பூட்டையும் சாவிக் கொத்தையும் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். கொத்தில் வீட்டுச் சாவியும் இருக்கிறது, தெரியும், எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் இந்தக் கையை நம்புவதற்கில்லை. சாவி இல்லாத கையோடு கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படி இறங்கினேன்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் பார்த்தேன், கட்டைவிரல் ஃபைலின் மூலையை அழுத்திக்கொண்டிருக்கிறது, விட்டால் பீறிடும் என்பதுபோல. எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. "எந்த வழிம்மா?" என்றான் டிரைவர். "கீழ்க்கட்டளை, ரேடியல் ரோடு, சீக்கிரம்" என்றேன். முந்தானையைக் காற்றில் பிடித்தேன், காய்கிறதா என்று. ஒய் நவ் என்று கேட்கட்டும், ஏதோ ஒன்று வாயில் வரும், இன்றைக்கு வாய் நான் சொன்னதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது பெல் அடிக்க வேண்டும். அவர் காதில் ஹெட்ஃபோன் இருக்கும், நானே மாட்டியது, கேட்காது. மறுபடி அடிப்பேன். கேட்காவிட்டால் அவர் எழுந்து வரும்வரை நான் வெளியே நிற்க வேண்டியதுதான், நின்றால் என்ன, வீட்டில்தான் ஆள் இருக்கிறாரே.